தூக்கி விடுகிற ஆள்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் போய் பாவாடை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் சட்டென்று பதில் வராது. மண் குழைக்கிறவர் இல்லை. அச்சில் வார்க்கிறவர் இல்லை. சூளைக்காரரும் இல்லை. மூட்டை சுமக்கிறவரா என்றால், அதுவும் இல்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, அவரு குடோன்ல நிக்கிறவரு என்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒரே குடோனில் உழைத்த மனுஷனுக்கு ஊர் கொடுத்த பட்டம் அவ்வளவுதான்.

பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை அவர். வெளிமாநிலத்திலிருந்து மண் ஏற்றி வரும் லாரிக்காரர்களுக்குக் கிளீனர் பையன்கள் யாராவது அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்லிவிட்டால் போதும், ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிப்பார்கள். பாவாடை கண்டுகொள்ள மாட்டார். சாமி பேர் தெரியாதவனோடு என்ன சண்டை!

அவர் வேலை பார்க்கும் கம்பெனி பெரிய கம்பெனியெல்லாம் இல்லை. வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் பியூஸும், ஊறுகாய் ஜாடியும் செய்கிறார்கள். அதற்கு வெள்ளைக் களிமண்ணும் கல் மாவும் மூட்டை மூட்டையாக வரும். குடோனில் அடுக்கியிருக்கும் அந்த மூட்டைகளை எடுத்துப்போய் ‘பால் மில்’லில் கொட்ட வேண்டும். பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உள்ளே கல் உருண்டைகள் உருண்டு மாவை அரைக்கிற பெரிய இரும்பு உருளை, அவ்வளவுதான். அரைத்து, தண்ணீர் வடித்து, கட்டியாக வருகிற மண்ணை இரும்புச் சட்டிகளில் அள்ளி வார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டைக்கு நாலு ஆண்கள், மண்ணுக்கு இரண்டு பெண்கள். ஆக ஆறு பேர் சுமக்கிறார்கள்.

தரையில் கிடக்கிற ஐம்பது கிலோ மூட்டையை ஒருத்தன் தானாகவே தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியுமா? முடியாது. எதிரே ஒரு ஆள் வேண்டும். சுமக்கிறவன் மூட்டையின் இரண்டு காதைப் பிடிப்பான், எதிராளி மற்ற இரண்டு காதைப் பிடிப்பார். ஒரே மூச்சில் மார்பு வரைக்கும். அங்கிருந்து எதிராளி அடியில் கைகொடுத்து நெம்ப, சுமக்கிறவன் சும்மாட்டோடு தலையை உள்ளே நுழைப்பான். அந்த எதிராளிதான் பாவாடை. ஆறு பேருக்கும் அவர் ஒருத்தரே.

ஆனால் அது யார் கணக்கிலும் வராது. மூட்டை தூக்கியது யார்? கார்முகில். மண் தூக்கியது யார்? கண்ணம்மாள். பாவாடை? அவர் தூக்கி விட்டார். அந்த ‘விட்டார்’ என்கிற சின்ன ஒட்டுக்குப் பின்னால் ஒரு மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கலாம். நம் பேச்சு அப்படி இருக்கிறது, என்ன செய்ய.

போன வைகாசியில் பழமலை விழுந்தான். நாலு பேரில் அவன்தான் வயசில் மூத்தவன். தலையில் மூட்டையோடு மில் மேடைப் படியில் கால் இடறி, மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இடுப்பில் ஜவ்வு விலகிவிட்டது என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் சுமை கூடாது. முதலாளி மதிவாணன் நல்ல மனுஷன்தான், அதனால் ரொம்பவே பயந்துவிட்டார். இங்கே யார் யார் என்னென்ன தூக்குகிறார்கள், எதில் எவ்வளவு ஆபத்து என்று முறையாகப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளைக் கூப்பிட்டார்.

வந்தது கயல்விழி. பெண்ணாடத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். கடலூரில் ஒரு ஆபீஸில் தொழிற்சாலைப் பாதுகாப்பு பார்க்கிற வேலை. தோளில் ஒரு பை, பைக்குள் கொக்கித் தராசு, டேப்பு, கலர் கலராகக் கட்டம் போட்ட காகிதங்கள். மூட்டையைத் தராசில் மாட்டினாள். கை பிடிக்கிற இடம் முட்டி உயரமா, இடுப்பு உயரமா, தோள் உயரமா என்று அளந்தாள். சுமை உடம்பை ஒட்டி வருகிறதா, தள்ளி வருகிறதா, தூக்கும்போது இடுப்பு திரும்புகிறதா, தரை வழுக்குகிறதா, எத்தனை அடி நடை, மணிக்கு எத்தனை தடவை என்றெல்லாம் கேட்டு எழுதினாள். இவ்வளவு வருஷம் சுமந்தவர்களுக்கே இதிலெல்லாம் இத்தனை சங்கதி இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. தன் நிழலுக்கும் அளவெடுத்துவிடுவாள் போலிருக்கிறது என்றாள் கண்ணம்மாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள் அவள்.

சனியன் பிடித்த மாதிரி அன்றைக்கென்று லாரி வந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது தூக்கி விட ஆள் வேண்டாம். லாரித் தட்டு தோள் உயரம், மேலே நிற்கிறவன் தள்ளினால் மூட்டை தானாகத் தலைக்கு வந்துவிடும். லாரி வந்த நாளில் மில் ஓடாது, மண் சட்டியும் ஏறாது. கயல்விழி பார்த்தது அதைத்தான். ஒரு மூட்டைக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். கார்முகில் முப்பது வயசுக்காரன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருத்தர்தான் என்றான். எல்லோரும் ஆமாம் ஒருத்தர்தான் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் எவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

தூக்கறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க என்றதும் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். பழமலைக்குப் பதிலாகப் புதிதாக வந்தவன்கூட நின்றான். பாவாடை சுவரோரமாக நின்றார். கயல்விழி அவரைப் பார்த்தாள். ஐயா நீங்க என்றாள்.

“நான் தூக்கறதில்லீங்க மேடம். சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறேன்.”

உடம்பில் எங்காவது வலி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். அது பச்சைப் பொய். இரண்டு வருஷமாகக் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு காலைக் கீழே விட வேண்டும், பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். இதெல்லாம் அவர் மனைவி பானுமதிக்கு மட்டும் தெரியும்.

ஒரு வாரத்தில் முதல் பட்டியல் வந்தது. இன்னும் ஒரு தடவை வந்து சரிபார்த்த பிறகுதான் முடிவு என்று கீழே எழுதியிருந்தது. மதிவாணன் அதை ஆபீஸ் வாசலில் ஒட்டினார். பேருக்கு நேரே கலர். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே மாற்ற வேண்டும். ஆறு பேருக்கும் சிவப்பு. கார்முகில் ஏதோ பரிசு கிடைத்த மாதிரி தன் சிவப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டான். ஏழாவதாகப் பாவாடை பேர் இருந்தது. அதற்கு நேரே கலரே இல்லை. ஒரு கோடு. பக்கத்தில், ஒத்தாசை, தூக்கும் வேலை இல்லை.

அன்று மத்தியானம் மதிவாணன் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார். மூட்டையைத் தானே மேலே ஏற்றுகிற ஒரு மேசை வாங்கப் போகிறார்களாம், கூடவே தள்ளுவண்டிகள். சுமக்கிறவர்களை எல்லாம் வண்டிக்கு மாற்றிவிடலாம். “ஒத்தாசைக்கு ஆளு வேண்டியிருக்காதுன்னு தோணுது பாவாடைண்ணே. பொங்கலோட வூட்டுல இருந்து செத்த ரெஸ்ட்டு எடுங்களேன்.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாவாடை டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலம் சைக்கிளை நேரே வீட்டுக்கு விடாமல் மணிமுத்தாற்றுப் பாலத்தில் நிறுத்திவிட்டு அவர் வெகுநேரம் நின்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வீட்டில் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெண்ணைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று, இரண்டு ஆடு இருக்கிறது, கஞ்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குடோனில் அவர் நிற்கிற மூன்றடி இடம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு அவர் எங்கே போய் நிற்பார்? அந்த இடத்தில் நின்றுதான் அவர் உலகத்தையே பார்த்திருக்கிறார்.

தூக்கி விடும்போது எதிராளி முகம் ஒரு சாண் தூரத்தில் வரும். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு கிட்டத்தில் அத்தனை தடவை முகம் காட்டாது. யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் ராத்திரி சண்டை போட்டு அழுதிருக்கிறார்கள், யார் தண்ணி போட்டிருக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். மண் சுமக்க வந்த ஒரு பெண் உண்டாகியிருப்பதை அவள் புருஷனுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர். தூக்கி விடும்போது அவள் மூச்சு மாறியிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அவள் சட்டியில் பாதி மண்ணைத் தட்டிவிட்டுத்தான் தூக்கி விடுவார். மேஸ்திரி கத்தினால், சட்டி ஓட்டைங்க என்பார்.

அந்தக் காலத்தில் சாக்கு மூட்டை. எழுபத்தைந்து கிலோ. கோணிச் சாக்குக்குக் காது நன்றாகக் கையில் உட்காரும். இப்போது வருகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பை எடை குறைவு, ஆனால் விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொல் உண்டு. தூக்க நான் தயார் என்பதற்கு அடையாளம். பழமலை “முருகா” என்பான். கண்ணம்மாள் “ஆங்” என்பாள். கார்முகில் காலத்துப் பிள்ளை, “ஓகே” என்பான். அந்தச் சொல் வந்தால்தான் பாவாடை கை நெம்பும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்படியே படிந்துபோன வழக்கம்.

பானுமதியை அவர் பார்த்ததும் அந்த ஒரு சாண் தூரத்தில்தான். கடலூர் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து மண் சுமக்க வந்தவள். முதல் நாள் சட்டி முன்னால் குனிந்து, “செத்த தூக்கி விடுங்கண்ணே” என்றாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, முப்பது ‘ண்ணே’. இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து குனிந்தாள். “செத்த தூக்கி விடுங்க” என்றாள். அவ்வளவுதான். பாவாடை நெம்பியது கோணி மண் கொஞ்சம் சிந்திவிட்டது.

பின்னாலேயே நின்ற கண்ணம்மாள் அப்போது கல்யாணமான புதுசு. அவள் காதில் எது தப்பும்? ஏன்டி ‘ண்ணே’ எங்கடி போச்சு என்று கேட்டிருக்கிறாள். மண்ணுல வுழுந்துடுச்சுக்கா என்று பானுமதி சொல்லியிருக்கிறாள். ஆறு மாதத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் தாலி. அண்ணே என்று கூப்பிட்டவளையே கட்டிக்கொண்ட ஆள் என்று பேட்டையே அவரைப் பத்து வருஷம் ஓட்டியது. அதை நினைத்தால் இப்போதும் பாவாடைக்கு முகம் சிவக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். பானுமதி இருபத்து நாலு வருஷம் சுமந்தாள். அப்புறம் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, தலையில் ஒரு செம்புத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கடைசியாகச் சட்டியை வைத்துவிட்டுப் போன அன்று குடோனில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை.

அப்புறம் பழமலை. அதுதான் நெஞ்சில் முள். அன்று காலையில் பழமலை குனிந்தான், காதைப் பிடித்தான். ‘முருகா’ வரவில்லை. பாவாடைக்கு அது தெரிந்தது. ஒரு கணம் கை தயங்கியது. ஆனால் மில் காத்திருக்கிறது, பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். தூக்கி விட்டுவிட்டார். இருபது அடி தாண்டி அந்தச் சத்தம் கேட்டது. நான் தூக்கறதில்லீங்க என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதற்கு அடக்கம் மட்டும் காரணமில்லை. தூக்கி விட்டேன் என்று சொன்னால், அன்றைக்கும் தூக்கி விட்டது நீதானே என்று கேட்டுவிடுவாளோ என்கிற பயமும்தான்.

வீட்டுக்கு வந்து கோடு போட்ட கதையைச் சொன்னார். பானுமதிக்கு வந்ததே கோபம்! “என் தலையில வெச்ச மண்ணெல்லாம் தானா பறந்து வந்து ஒக்காந்துச்சாமா?” என்றாள். நாளைக்கே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னாள். பாவாடை சொல்ல மாட்டேன் என்றார். வீம்பு. முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரியாததை நான் போய் வாயால் சொல்லிக் காட்ட வேண்டுமா என்ற வீம்பு.

கயல்விழி இரண்டாவது தடவை வந்த அன்று லாரி இல்லை. குடோனிலிருந்து மில்லுக்கு மூட்டை போகிற வழக்கமான நாள். அவள் மில் மேடைப் பக்கமாகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள், மதிவாணனும் கூட நின்றார். கார்முகில் சும்மாட்டைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு முதல் மூட்டை முன்னால் குனிந்தான். ஓகே என்றான். எதிரே கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பாவாடை கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

“நான்தான் தூக்கறதே இல்லியே. பேப்பர்லயே போட்டிருக்குதே.”

கார்முகில் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். ஆனால் கை வரவே இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மேடையிலிருந்து முதலாளி, என்ன லேட்டு என்று குரல் கொடுத்தார். கார்முகிலுக்கும் வயசு முப்பதுதானே, ரோஷம் வந்துவிட்டது. நானே தூக்கிக்கிறேன் என்று மூட்டையைக் கட்டிப்பிடித்து மார்பு வரைக்கும் கொண்டுவந்தும் விட்டான். அதற்கு மேல் போகவில்லை. கீழே விடவும் மனசில்லை. முகம் கறுத்து, முட்டி ஆடி, பை வழுக்க ஆரம்பித்து, ஆள் மெல்லப் பின்பக்கமாகச் சாய்ந்தான்.

பாவாடை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வீம்பு தடுத்திருக்கும். அவர் கைகள்தான் பாய்ந்தன. இரண்டு எட்டில் போய் அடியில் கைகொடுத்து நெம்பினார். மூட்டை ஒழுங்காகக் கார்முகில் தலையில் போய் உட்கார்ந்தது. அவன் நேராக நின்றான். பாவாடை நிமிரவில்லை. குனிந்தது குனிந்தபடி, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை காற்றிலுமாக அப்படியே நின்றுவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் குடோனில் அத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத சத்தம்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். மூட்டை அடுக்கின்மேல் மெல்ல உட்காரவைத்தார்கள். கயல்விழி காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்திருந்தாள். இப்ப அவர் என்ன செஞ்சாரு என்று கேட்டாள். தூக்கி விட்டாரு மேடம் என்றான் கார்முகில், தலையில் மூட்டையோடு. தினமும் இப்படித்தானா என்றாள். கண்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஆறு பேருக்கும் அவருதான் மேடம். என் தலையில அவரு கைபடாம ஒரு சட்டி ஏறுனதில்ல.” வாயாடிதான், ஆனால் இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவையும் சொன்னதில்லை என்பது அந்த நிமிஷம் அவளுக்கே உறைத்தது.

கயல்விழி பாவாடைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். “எங்க அம்மா கரும்புக் கட்டு தூக்குவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேங்கய்யா. தலையில ஏத்தி விடுறது எங்கப்பா. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்ல.” தப்பு என்னுடையதுதான், எத்தனை பேர் தூக்குகிறீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது, ஒரு மூட்டை மேலே ஏற எத்தனை பேர் கை படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும் என்றாள்.

மில் நோட்டை வாங்கிக் கணக்குப் பார்த்தாள். மூட்டையும் சட்டியுமாக நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு. சுமக்கிறவர்களுக்கு ஆளுக்கு இருபத்தெட்டு தடவைதான். ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து குனிந்து, நெம்பி, இடுப்பைத் திருப்பியது ஒரே ஆள். அவள் மதிவாணனைப் பார்த்துச் சொன்னாள்: “இருபத்தெட்டுக்கே சிவப்பு சார். இவருக்குப் போட என்கிட்ட கலரே இல்ல.” மதிவாணன் சின்ன வயசிலிருந்து அந்தக் குடோனில் விளையாடி வளர்ந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள் கயல்விழி. அப்போதுதான் பாவாடை பழமலை கதையைச் சொன்னார். முருகா என்கிற சொல் வராத காலையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். படியில் மாவு கொட்டி ஈரமாக இருந்தது, கைப்பிடி இல்லை, அதுதான் காரணம், நீங்கள் இல்லை என்று அவள் சொன்னாள். பாவாடைக்கு அதைக் கேட்டது ஆறுதல்தான், ஆனால் முழுதாக நம்பினாரா என்று தெரியாது. இறுதிப் பட்டியலில் அவள் ஒரு வரி சேர்த்தாள். சுமப்பவர் குரல் கொடுக்காமல் சுமையை ஏற்றக் கூடாது.

தை மாதம் மேசை வந்தது. மிதிக்கட்டையை அமுக்கினால் மூட்டையோடு மேலே எழும்புகிற இரும்பு மேசை. பாவாடை நின்ற அதே மூன்றடி இடத்தில் அதை வைத்தார்கள். அதை இயக்கப் பாவாடையையே வைத்தார் மதிவாணன். ஒரு நிபந்தனை. இனி அவர் கையால் ஒரு செங்கல்கூடத் தூக்கக் கூடாது. டாக்டர் சீட்டு ஆபீஸில் இருக்கிறது, இடுப்பில் பெல்ட் இருக்கிறது. மேசை நன்றாகத்தான் வேலை செய்கிறது. யாருக்கும் குனிய வேண்டியதில்லை. தள்ளுவண்டி கிறீச் கிறீச்சென்று போகிறது. ஆனால் இப்போது முகங்கள் நாலடி தள்ளிப் போய்விட்டன. யார் சாப்பிட்டார்கள், யார் அழுதார்கள் என்று அவருக்குத் தெரிவதில்லை. பழக்க தோஷத்தில் கார்முகில் மட்டும் மேசையைப் பார்த்து ஓகே என்கிறான். பாவாடை ம் என்று சொல்லிவிட்டு மிதிக்கிறார். இடம் போகவில்லை, இருக்கிறது. அப்படியும் சில மத்தியானங்களில் அவருக்கு ஏனோ வெறுமையாக இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் குடத்தை அவர்தான் தூக்கிக்கொண்டு போவார். பானுமதி கழுத்து ஒத்துக்கொள்ளாது. குடம் நிரம்பி வழிந்தது. அவர் குனியப் போனார், பெல்ட் அழுத்தியது, சீட்டு ஞாபகம் வந்தது. நின்றார். இவளால் முடியாது, இவராலும் கூடாது. குடத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பானுமதி அவர் முகத்தைப் பார்த்தாள். குடத்தின் முன்னால் மெல்லக் குனிந்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் மண்ணில் விழுந்துபோன ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“செத்த தூக்கி விடுங்கண்ணே.”

பாவாடைக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கண்ணும் கலங்கிவிட்டது.

“தூக்கியெல்லாம் வுட மாட்டேன். நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். எத்தினி பேருன்னு எவனாவது கேட்டா, ரெண்டு பேருன்னு சொல்லு.”

ஆளுக்கொரு கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்ப, தெருவே பார்க்க நடந்தார்கள். வாசல் வந்து சேர்வதற்குள் கால்வாசித் தண்ணீர் இரண்டு பேர் காலிலும்தான் கொட்டியது.